தேடிய பெயர் சிவப்பாகத் தெரிந்தது

தோல் தொழிற்சாலைக் கணக்குகளைப் பற்றி எழுதுவதாகப் போன மாதம் சொல்லியிருந்தேன். அதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தேடினால், அகப்பட்ட இடத்தில் அந்தச் சொல் மட்டும் சிவப்பாகத் தெரிகிறதே, அதன் வரலாறுதான் விஷயம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அந்தச் சிவப்பை நம்பி நான் செய்த ஒரு தவற்றால் ஒரு அம்மாவின் பென்ஷன் இல்லாமலே போயிருக்கும். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய காலத்துக்குப் போவோம். வேண்டிய சொல்லைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவது நமக்குப் புதிய தேவை அல்ல. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து முதலில் கண்ணுக்கே தெரியாது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் தடவித் துடைத்தால்தான் கீறலில் கருமை ஏறி எழுத்து தெரியும். அப்படியும் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. ஒரு சொல் எங்கே வருகிறது என்று தேட வேண்டுமானால் முழுச் சுவடியையும் படிக்க வேண்டும், அல்லது மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சிட்டார். அவருடைய பதிப்புகளின் கடைசியில் அரும்பதங்களுக்கு அகராதி இருக்கும். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதி, அகர வரிசையில் அடுக்கிய வேலை அது. இன்று நாம் ஒரு விநாடியில் செய்யும் தேடலுக்கு அந்தக் காலத்தில் மாதங்கள் பிடித்திருக்கும்.

கணக்குப்பிள்ளைகளுக்கு வேறு வழி இருந்தது. பேரேட்டில் கறுப்பு மையில் எழுதி, குறைவு விழுந்த இடத்தைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்கு மேல்பாதி கறுப்பும் கீழ்ப்பாதி சிவப்புமான ரிப்பன் நினைவிருக்கும். ஒரு விசையைத் தள்ளினால் எழுத்து சிவப்பாக விழும். ஹயர் பரீட்சைக்குப் போகிறவர்கள்கூட அந்தச் சிவப்பைத் தொட மாட்டார்கள். மாஸ்டர் திட்டுவார்.

நம் பக்கத்துத் தோல் ஷெட்டுகளிலும் இதே தேவைதான். சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தண்ணீரிலும் கிடக்கும் தோலில் மை நிற்காது. அதனால் எந்த லாட், யாருடைய சரக்கு என்பதைத் தோலின் ஓரத்தில் துளை போட்டு அடையாளம் வைப்பார்கள். தயாரான தோலில் கீறல், உண்ணிக்கடி இருந்தால் செலக்‌ஷன்காரர் சாக்பீஸால் வட்டம் போடுவார். வெட்டுகிறவர் முழுத் தோலையும் ஆராய வேண்டியதில்லை, வட்டத்தைப் பார்த்தால் போதும். திரையில் சிவப்பு எழுத்து செய்வதும் அந்தச் சாக்பீஸ் வேலையைத்தான்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் பெல் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியவர்கள் யுனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கினார்கள். 1973-ல் தாம்சன் கொண்டுவந்த ஒரு சிறு கட்டளையின் பெயர் கிரெப். ஒரு கோப்பில் நாம் கேட்கும் சொல் எந்த எந்த வரியில் இருக்கிறதோ, அந்த வரிகளை மட்டும் எடுத்துக் காட்டும்.

அது வந்த கதை சுவையானது. அதே ஆய்வுக்கூடத்தில் லீ மக்மஹன் என்பவர், 1787, 1788-ம் ஆண்டுகளில் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மொத்தம் 85 கட்டுரைகள். மூன்று பேர் ஒரே புனைபெயரில் எழுதியவை. சிலவற்றை எழுதியவர் யார் என்பதில் தகராறு உண்டு. யார் எந்தச் சொல்லை அதிகம் பயன்படுத்துகிறார் என்று பார்த்தால் துப்புக் கிடைக்கும். ஆனால் அன்றைய எடிட்டர் நிரலின் நினைவகத்தில் அவ்வளவு பெரிய கோப்பு அடங்கவில்லை. எடிட்டருக்குள் இருந்த தேடும் பகுதியைத் தாம்சன் தனியே பிரித்து, ஒரு முழுக் கட்டளையாக ஆக்கிக் கொடுத்தார். உ.வே.சா. செய்ததும் மக்மஹன் செய்ய நினைத்ததும் அடிப்படையில் ஒன்றேதான். எந்தச் சொல் எங்கே என்பதே இருவருடைய கேள்வியும்.

நம்மவர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவன் சிந்துவெளி முத்திரைகளின் குறிகளைத் தொகுத்து, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பொறி உதவியோடு ஒரு தொடரடைவு தயாரித்தார். 1977-ல் இந்தியத் தொல்லியல் துறை அதை வெளியிட்டது. 417 குறிகள் அதில் உண்டு. எந்தக் குறி எந்த முத்திரையில், எந்தக் குறிக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். படிக்கத் தெரியாத எழுத்துக்கும் தேடல் பயன்படும் என்று காட்டிய வேலை அது.

அந்த நாளில் கம்ப்யூட்டரோடு பேச டெலிடைப் என்ற இயந்திரம் இருந்தது. பதில் காகிதத்தில் அடித்து வரும், பெரும்பாலும் நிறம் காட்ட வழியில்லை. பிறகு கண்ணாடித் திரை வந்தது. 1978-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட வி.டி. 100 என்ற முனையம் உலகம் முழுதும் பரவியது. வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 24 வரி. அதிலும் வண்ணம் இல்லை. ஆனால் எழுத்தை அழுத்தமாகக் காட்டலாம், அடிக்கோடு போடலாம், மின்ன வைக்கலாம், கறுப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிக் காட்டலாம்.

இதையெல்லாம் செய்யச் சொல்லும் முறைதான் முக்கியம். எழுத்துகளோடு எழுத்தாக, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை அனுப்ப வேண்டும். எஸ்கேப் என்ற குறி, ஒரு சதுர அடைப்பு, ஓர் எண், கடைசியில் எம் என்ற ஆங்கில எழுத்து. முனையம் இதைத் திரையில் காட்டாமல் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஐரோப்பியக் கணிப்பொறி உற்பத்தியாளர் சங்கம் இதற்கான தரத்தின் முதல் பதிப்பை 1976-ல் வெளியிட்டது. அமெரிக்கத் தரம் 1979-ல் வந்தது. இந்த முறையில் 1 என்றால் அழுத்தம், 7 என்றால் தலைகீழ் நிறம், 30 முதல் 37 வரை எட்டு வண்ணங்கள். 31 சிவப்பு, 32 பச்சை. 0 என்றால் பழையபடி ஆகு என்று பொருள். வண்ணத் திரைகள் சாதாரணமானபோது இந்த எண்கள் தயாராக இருந்தன.

கிரெப்பின் இலவச வடிவத்தைக் குனு திட்டத்துக்காக மைக் ஹேர்டல் 1988-ல் எழுதினார். 2002-ல் வந்த 2.5 பதிப்பில்தான் பொருந்திய சொல்லை வண்ணமிட்டுக் காட்டும் வசதி சேர்ந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது 01;31, அதாவது அழுத்தமான சிவப்பு. வண்ணம் மட்டும் போதாது என்று அழுத்தத்தையும் சேர்த்தது நல்லதாகப் போயிற்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நிறையப் பேர் உண்டு. என் பக்கத்து மேஜைக்காரரும் அப்படித்தான். அவருக்குச் சிவப்பு தெரியாது, தடிப்பு தெரியும்.

1973-க்கும் 2002-க்கும் இடையில் 29 ஆண்டுகள். அத்தனை காலமும் வரி கிடைக்கும், அந்த வரியில் சொல் எங்கே என்பதை நம் கண்தான் தேட வேண்டும்.

இனி என் கதை. நெமிலியிலிருந்து பாணாவரம் பக்கம் போகாமல், பனப்பாக்கம், காவேரிப்பாக்கம் வழியாக தினம் பஸ் பிடித்து ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். 1988 முதலே சம்பளப் பட்டியலை டிபேஸில் ஏற்றி வைத்திருந்தோம். 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஷெட்டுகளுக்கு அதன் பிறகு நிம்மதியில்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது சரியான நீதிதான். பாலாற்றையும் நம் கிணறுகளையும் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஷெட்டு மூடினால் முதலில் வீட்டுக்குப் போகிறவர் கூலிக்காரர். எங்கள் கம்பெனியும் பழைய யூனிட் ஒன்றை 1999-ல் மூடியது. காகித ரிஜிஸ்டர்கள் மழையில் நனைந்து பாழாயின. ஃபிளாப்பிகளில் இருந்ததை மட்டும் நான் லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றில், ஆண்டுக்கு ஒரு கோப்பாக மாற்றி வைத்திருந்தேன்.

2006 வாக்கில் ஓர் அம்மா வந்தார். கணவர் அந்த யூனிட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர். யூனிட் மூடிய பிறகு கிடைத்த வேலையைச் செய்து, ஐம்பது வயது தாண்டியதும் இறந்துவிட்டார். வேலையை விட்டுப் போனவர் என்பதால் 1995-ம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் விதவைப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷச் சர்வீஸ் காட்ட வேண்டும். டோக்கன் கார்டு காணாமல் போயிருந்தது.

"பத்து வருசத்துக்கு மேலயே இருந்தாரு சார். எங்க பெரிய பையன் பொறந்த வருசம் சேர்ந்தாரு. பேரு இருக்குமா பாருங்க சார்" என்றார்.

"உக்காரும்மா, பாத்துடலாம்" என்றேன்.

பெயரை இங்கே சொல்லவில்லை. முனுசாமி மாதிரி ஒரு பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் அதை ஒருவர் எழுதுவது போல் இன்னொருவர் எழுத மாட்டார். அதனால் பெயரின் முன்பாதியை மட்டும் கொடுத்து எல்லா ஆண்டுக் கோப்புகளிலும் தேடினேன். நூற்றுக்கும் மேல் வரிகள். ஒவ்வொன்றிலும் முன்பாதி சிவப்பாக நின்றது. பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியிருந்ததால், வண்ணத்தை எப்போதும் போடு என்று கட்டளை கொடுத்து, விடையைத் தனிக் கோப்பில் சேமித்துக்கொண்டேன். வேறு வேலை வந்தது. மறுநாள் அந்தக் கோப்பில், தகப்பனார் இனிஷியலோடு முழுப் பெயரையும் கொடுத்துத் தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை.

அடுத்த முறை அந்த அம்மா வந்தபோது "லிஸ்ட்ல பேரு இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "அத்தினி வருசம் கால் வெந்து வேலை செஞ்சாரே சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சுண்ணாம்பு கால் விரலிடுக்கில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு காரியத்துக்காக அதே கோப்பை எடிட்டரில் திறந்தேன். ஒவ்வொரு பெயரின் வயிற்றிலும் ஏதோ குப்பை. சதுர அடைப்பு, 01;31, எம். பெயரின் முன்பாதிக்கு முன்னால் ஒன்று, பின்னால் இன்னொன்று. அப்போதுதான் உறைத்தது. திரையில் சிவப்பாகத் தெரிந்தது கோப்பில் எழுத்தாகவே உட்கார்ந்திருந்தது. 'முனு'வுக்கும் 'சாமி'க்கும் நடுவில் அந்தக் குறி புகுந்துவிட்டதால், கம்ப்யூட்டருக்கு முழுப் பெயர் என்ற ஒன்றே அங்கே இல்லை. சாக்பீஸ் வட்டம் போடுவதாக நினைத்துக்கொண்டு தோலையே கத்தியால் கீறியிருக்கிறேன்.

இதைச் செய்தவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்ல. அதற்காகவே, திரைக்குப் போனால் மட்டும் வண்ணம் போடு, கோப்புக்குப் போனால் போடாதே என்று ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஆட்டோ. நான்தான் அதை விட்டு, எப்போதும் என்பதைத் தேர்ந்தெடுத்தேன்.

மூலக் கோப்புகளுக்குத் திரும்பிப் போய், வண்ணத்தைத் திரையோடு நிறுத்தி, மறுபடி தேடினேன். ஏழு ஆண்டுகள் கிடைத்தன. பத்துக்கு மூன்று குறைவு. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று தோன்றியது. சிவப்பாக நிற்பது நான் கேட்ட எழுத்து மட்டும்தான். நான் கேட்காத எழுத்தில் எழுதியிருந்தால்? நடுவில் இந்த எழுத்தோ அந்த எழுத்தோ எது வந்தாலும் சரி என்று கேட்கும் வசதி கிரெப்பில் உண்டு. 'முனு', 'முனி' இரண்டையும் சேர்த்துக் கேட்டேன். இன்னும் நான்கு ஆண்டுகள் வந்தன. டைப் செய்தவர் மாறியபோது எழுத்தும் மாறியிருக்கிறது. டோக்கன் நம்பரும் இனிஷியலும் பதினோரு ஆண்டும் ஒன்றே.

அவர் ஊருக்கு ஆள் அனுப்பினேன். பட்டியலை அச்சடித்து, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, 10-டி படிவத்தோடு வைத்து அனுப்பினோம். பல மாதம் அலைந்த பிறகு பென்ஷன் வந்தது. தொகை சிறியதுதான். நான் முதலில் இல்லை என்று சொன்னது ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். "கிடைச்சிடுச்சு இல்ல சார், வுடுங்க" என்றார்.

ஆங்கில எழுத்திலேயே இந்தப் பாடு என்றால் தமிழில் எப்படி? ஓய்வு பெற்ற பிறகு வாக்காளர் பட்டியல்களையும் கோயில் கணக்குகளையும் தமிழிலேயே தட்டச்சுச் செய்து தேட ஆரம்பித்தேன். அங்கே வேறு வேடிக்கை. நம் இலக்கணத்தில் மெய் முதலில், அதன் மேல் உயிர் ஏறினால் உயிர்மெய். யூனிகோட் தலைகீழ். 'ர' என்பதே அடிப்படை, அதோடு புள்ளி என்ற தனிக் குறி சேர்ந்தால் 'ர்', கொக்கி சேர்ந்தால் 'ரி'. அதனால் 'ஆம்பூர்' என்று தேடினால் 'ஆம்பூரில்' அகப்படாது. புள்ளியை விட்டு 'ஆம்பூர' என்று தேடினால் இரண்டும் அகப்படும். ஆனால் வண்ணக் குறி ரகரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் போய் விழும். சில முனையங்களில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், சிலவற்றில் எழுத்து உடைந்து தெரியும்.

'பொன்' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 'பழனி' என்று கேட்டால் 'பழநி' வராது. நம் 'நெமிலி'யைக் கேட்டால் சென்னைப் பக்கத்து நெமிலிச்சேரியும் சேர்ந்து சிவக்கும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும் டேஸ்-16 என்ற முறையைத் தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. ஆனால் இன்று நாம் போனில் அடிப்பதும் இணையத்தில் படிப்பதும் பெரும்பாலும் யூனிகோடில்தான்.

ஆகவே பழைய பட்டியலில் யாருடைய பெயரையாவது தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிவப்பாகத் தெரிந்தால் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். சிவப்பு தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எதிரில் நிற்பவரிடம் சொல்லிவிடக் கூடாது. எழுத்தை மாற்றி இன்னும் இரண்டு விதமாகக் கேட்டுப் பார்த்த பிறகு சொல்லட்டும். எனக்கு அந்த அம்மா இரண்டாம் வாய்ப்புக் கொடுத்தார். எல்லாருக்கும் அது கிடைக்காது.

ஷெட்டுகளில் துளை எண் போட்டவர்கள், பட்டியல் எழுதியவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். எந்த எந்தத் துளைக்கு எந்த எண் என்பதை எழுதி அனுப்பினால் அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன்.